நிலாவுக்குக் கியூப்சாட் அனுப்புவதற்கு முன்

கியூப்சாட் எனப்படும், பெட்டி வடிவச் சிறிய செயற்கைக்கோள்கள் ஒன்றிரண்டைப் பூமியைச் சுற்றவிட்டு ஜெயித்த நாட்டில், பாராட்டுக் கூட்டம் முடிவதற்குள் யாராவது ஒருவர் "அடுத்தது நிலாதானே?" என்று கேட்டுவிடுவார். தாராளமாகப் போகலாம். ஆனால் நான் தரைநிலையத்தில் இரவு ஷிப்ட் பார்த்துப் பழகியவன். ராக்கெட்டை அப்புறம் பேசிக்கொள்ளலாம், முதலில் ஆண்டெனா.

500 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் செயற்கைக்கோளோடு பேச மொட்டைமாடியில் பழைய டிவி ஆண்டெனா மாதிரியான ஒரு யாகி ஆண்டெனா போதும். நிலா இருப்பதோ சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தள்ளி. தூரம் 770 மடங்கு என்றால், அதே டிரான்ஸ்மிட்டரின் சிக்னல், தூரத்தின் வர்க்கக் கணக்கில், கிட்டத்தட்ட ஆறு லட்சம் மடங்கு மெலிந்து வரும். பெரிய டிஷ் கட்டினாலும் நிலா மறைந்ததும் அதற்குக் காது கேட்காது. உலகின் வேறு மூலைகளில் டிஷ் வைத்திருப்பவர்களிடம் நேரம் கேட்டு இப்போதே ஒப்பந்தம் போடுங்கள். அலைவரிசைக்காக ஐ.டி.யு.விடம் (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) செய்ய வேண்டிய வேலையையும் கூடவே தொடங்குங்கள், அது ஆமை நடை.

அடுத்து சவாரி. சொந்த ராக்கெட் தேவையில்லை. பாகிஸ்தானின் ஐகியூப்-கியூ என்ற சிறு செயற்கைக்கோள் 2024 மே மாதம் சீனாவின் சாங்'இ-6 நிலா விண்கலத்தின் கூடவே போனது. ஆனால் ஓசிச் சவாரியில் நேரம் நம் கையில் இல்லை. நாசாவின் நிலாப் பயணமான ஆர்ட்டெமிஸ்-1-இன் ராக்கெட்டில் 10 கியூப்சாட்களை 2021-லேயே ஏற்றிவிட்டார்கள். அது கிளம்பியது 2022 நவம்பர் 16. சிலவற்றுக்கு உள்ளே இருந்தபடியே சார்ஜ் ஏற்ற வழியே இருக்கவில்லை.

எனக்கும் இதில் சூடு பட்ட அனுபவம் உண்டு. எங்கள் கோள் பெட்டிக்குள் ஏழு மாதம் கிடந்தது. திறந்து மல்ட்டிமீட்டரை வைத்தால், 8.2 வோல்ட் இருந்த பேட்டரி 5.9 காட்டியது. ஸ்விட்ச் அணைந்திருந்தும் ஒரு சென்சார் போர்டு சத்தமில்லாமல் மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டே இருந்திருக்கிறது. அன்றிலிருந்து, வெளியிலிருந்து சார்ஜ் ஏற்றும் வசதியை ஒப்பந்தத்தில் எழுத்தாக வாங்காமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை. கோளை அணைத்து வைத்து, கசியும் மின்னோட்டத்தை மாதக்கணக்கில் அளந்தும் பாருங்கள்.

பழைய டிசைனை அப்படியே நகலெடுக்கலாம் என்பார்கள். முடியாது. பூமியருகே கோளைத் திருப்ப உதவிய காந்தச் சுருள்கள், காந்தப்புலம் இல்லாத இடத்தில் வெறும் பாரம். கோளைத் திருப்பும் சுழல்சக்கரங்களில் சேரும் வேகத்தை இறக்க, வாயுவைப் பீய்ச்சித் தள்ளும் த்ரஸ்டர் வேண்டும். 2018-இல் செவ்வாய்க்குப் போன மார்கோ என்ற இரண்டு கியூப்சாட்களும் குளிர்வாயு த்ரஸ்டர்களோடுதான் போயின. த்ரஸ்டரும் தொல்லை தரும்: 2022-இல் நிலாவுக்குப் போய்க்கொண்டிருந்த கேப்ஸ்டோன் கியூப்சாட் தறிகெட்டுச் சுழன்றதற்கு, சரியாக மூடாத ஒரு வால்வுதான் காரணம். அதை மீட்கவே சில வாரங்கள் ஆயின.

பேலோடு, அதாவது கோள் சுமந்து போகும் ஆய்வுக்கருவி, ஒன்றே ஒன்று போதும். இரண்டாவதைக் கேட்கும் பேராசிரியரிடம் அடுத்த முறை என்று சொல்லிவிடுங்கள்.

கடைசிச் சோதனை இது. எல்லா போர்டுகளையும் மேசையில் பரப்பி இணைத்து, 48 மணி நேரம் ஒரு கட்டளையும் அனுப்பாமல் விடுங்கள். நடுவே யாருக்கும் சொல்லாமல் ஒருவர் கம்ப்யூட்டரை ரீசெட் செய்யட்டும். நீங்கள் திரும்பி வரும்போது கோள் தன் சோலார் பேனலுக்குச் சூரியனைத் தேடும் நிலையில் இல்லையென்றால், ஏற்றும் தேதியைத் தள்ளிவையுங்கள்.