மியூசிக்கல் பாட்டுக்குப் புதியவரா? முதல் ஆல்பத்தைத் தெரிந்தெடுக்கும் முறை

கல்லடியில் இருக்கும் என் மருமகள் 'விக்கெட்' (Wicked) என்ற ஆங்கிலப் படத்தைப் பார்த்துவிட்டு வந்து, "மாமா, இதே மாதிரிப் பாட்டாலேயே கதை சொல்ற வேற சாமான் இரிக்கா?" என்று கேட்டாள். எனக்குப் பெரிய சந்தோசம். பல வருடமாக நான் கேட்டுச் சேர்த்து வைத்திருப்பதே அதுதான்: மியூசிக்கல், அதாவது பாட்டாலேயே கதை சொல்லும் மேடை நாடகங்களின் ஆல்பங்கள். அன்று இரவே 'தி ஃபாண்டம் ஆஃப் தி ஆப்பரா'வின் லிங்க் ஒன்றை அனுப்பினேன். ஒரு கிழமை கழித்துச் சொன்னாள்: "பாட்டு நல்லாத்தான் இரிக்கு மாமா. ஆனா ஆரு ஆரோட கதைக்கிறாங்க எண்டு ஒண்டும் விளங்கல்ல."

ஃபோனை வாங்கிப் பார்த்தேன். நான் அனுப்பியது 'ஹைலைட்ஸ்', அதாவது பொறுக்கியெடுத்த பாட்டுகள் மட்டும் உள்ள சுருக்கப் பதிப்பு. அதையும் அவள் ஷஃபிளில், அதாவது பாட்டுகளின் வரிசையைக் குழப்பிப் போடும் செட்டிங்கில் கேட்டிருந்தாள். அதற்குப் பிறகு அவளுக்கும், அவளுடைய இரண்டு சிநேகிதிகளுக்கும் நான் செய்து சரிவந்த முறையை இங்கே எழுதுகிறேன்.

படி 1: அவருக்கு ஏற்கெனவே தெரிந்த கதை எது?

முதலில் இதைக் கேளுங்கள். "உனக்கு என்ன மாதிரி இசை பிடிக்கும்" என்பது இரண்டாவது கேள்விதான். ஆங்கிலத்தில் பாடுவதை முதல் தடவை கேட்கிறவருக்குக் கதை தெரிந்திருந்தால் பாதிப் பாரம் குறையும்.

படி 2: சரியான பதிவைப் பிடிப்பது

என்னை விழுத்தியது இந்த இடம்தான், ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஒரே மியூசிக்கலுக்குப் பல பதிவுகள் இருக்கும். 'ஒரிஜினல் பிராட்வே காஸ்ட்' என்றால் நியூயோர்க்கில் முதலில் நடித்தவர்கள் பாடியது. 'ஒரிஜினல் லண்டன் காஸ்ட்' லண்டனில் நடித்தவர்களுடையது. 'மோஷன் பிக்சர் சவுண்ட்ட்ராக்' என்றால் படத்தின் பாட்டு. காஸ்ட் ரெக்கார்டிங் என்றதும் கைதட்டலோடு மேடையிலேயே பதிவானது என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் அதே நடிகர்கள் ஸ்டூடியோவுக்குப் போய்ப் பாடியதுதான்.

'மை ஃபேர் லேடி'யை எடுத்துக்கொள்வோம். 1956ஆம் ஆண்டு நியூயோர்க் பதிவு மோனோ. 1959இல் வந்த லண்டன் பதிவு ஸ்டீரியோ. இரண்டிலும் கதாநாயகி எலைசாவாகப் பாடுபவர் ஜூலி ஆன்ட்ரூஸ். 1964 படத்தில் நடித்தவர் ஓட்ரி ஹெப்பர்ன், ஆனால் பெரும்பாலான பாட்டுகளில் கேட்பது மார்னி நிக்சனின் குரல். நான் 1956 பதிவைத்தான் கொடுப்பேன். ஸ்டீரியோ இல்லாவிட்டாலும் அதில் எல்லோருடைய குரலிலும் ஒரு துடிப்பு இருக்கிறது.

'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்'கில் இன்னொரு சிக்கல். நம் ஆட்களுக்குத் தெரிந்தது 1965 படம். இடி மின்னலுக்குப் பயந்த பிள்ளைகளுக்கு மரியா பாடும் 'மை ஃபேவரிட் திங்ஸ்' பாட்டை, 1959 மேடை நாடகத்தில் மரியாவும் மடத்துத் தலைவி அம்மாவும் சேர்ந்து பாடுகிறார்கள். படத்தை மனதில் வைத்துக்கொண்டு மேடைப் பதிவைக் கேட்பவர் இந்த இடத்தில் தடுமாறுவார். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

'ஹைலைட்ஸ்' என்ற சொல் இருந்தால் புதியவருக்குக் கொடுக்கவே வேண்டாம்.

படி 3: கதையை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்

சின்ன வயதில் திண்ணையில் படுத்துக்கொண்டு தூரத்துக் களரியிலிருந்து ஒலிபெருக்கியில் வரும் கூத்தைக் கேட்டிருக்கிறேன். ஆட்டம் கண்ணுக்குத் தெரியாது. ஆனாலும் யார் வருகிறார் என்று விளங்கும். வரவுப் பாட்டிலேயே பாத்திரம் இன்னார் என்று தெரிந்துவிடும், மத்தளமும் அந்த வரவுக்கு ஏற்றபடி மாறும். அரைத் தூக்கத்தில் இருந்தாலும் கதை விட்டுப்போகாது.

பிராட்வே பாட்டில் அந்த உதவி கிடையாது. பாத்திரம் திடீரென்று பாடத் தொடங்கும். அதனால் நான் ஒரு கொப்பித் தாளில் முக்கியமான ஐந்தாறு பெயர்கள், ஆள் யார், எந்தப் பாட்டில் முதலில் வருகிறார் என்று எழுதிக் கொடுக்கிறேன். முடிவை மட்டும் எழுதுவதில்லை. விக்கிபீடியாவைப் பார் என்று அனுப்பினால் முடிவும் சேர்ந்து தெரிந்துவிடும், அதனால் எனக்கு அதில் விருப்பமில்லை.

படி 4: ஷஃபிள், கிராஸ்ஃபேட் இரண்டையும் நிறுத்துங்கள்

கிராஸ்ஃபேட் என்பது ஒரு பாட்டு முடிய முன்னரே அடுத்த பாட்டைக் கலந்துவிடும் செட்டிங். மியூசிக்கல் ஆல்பத்தில் பாட்டின் கடைசி வரியும் அடுத்ததன் முதல் வசனமும் அடிபட்டுப் போகும். வைஃபை இருக்கும் இடத்தில் ஆல்பம் முழுவதையும் டவுன்லோட் செய்துகொண்டால் டேட்டாவும் மிச்சம், நடுவில் அறுந்தும் போகாது.

ஷஃபிள் ஏன் கூடாது என்பதற்கு 'ஃபாண்டம்' நல்ல உதாரணம். முழுப் பதிவு ஓர் ஏலத்தில் தொடங்குகிறது. சல்லாரி தட்டுகிற குரங்குப் பொம்மை வைத்த ஒரு சின்ன இசைப்பெட்டி ஏலத்துக்கு வரும். அதன் மெட்டு மெல்லிசாகக் கேட்கும். இரண்டாம் அங்கத்தின் தொடக்கத்தில் அதே மெட்டை முகமூடி விருந்துக் கூட்டமே உரத்துப் பாடும். கடைசிக் காட்சியில் அந்தப் பெட்டி திரும்பவும் ஒலிக்கும்போது பக்கத்தில் ஓர் ஆள்தான் இருப்பான். வரிசை குழம்பினால் இது மூன்றும் மூன்று தனிப் பாட்டு. 1986இல் லண்டனில் மேடையேறிய குழுவின் முழுப் பதிவை மருமகளுக்கு வரிசையாகப் போட்டுக் கொடுத்தேன். இரவு பத்தரைக்கு ஃபோன் வந்தது. "மாமா, அந்தக் குரங்குப் பெட்டி!" என்றாள். அதற்கு மேல் அவள் எதுவும் சொல்லவில்லை, எனக்கும் தொண்டை அடைத்துவிட்டது.

படி 5: நான் கொடுக்கும் வரிசை

முதலில் 'ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார்', 1970 பதிவு. இது மேடைக்கு வர முன்னரே ஆல்பமாக வெளிவந்தது. அதனால் காதால் மட்டும் கேட்டாலே கதை நிறைவாக வரும். பெரிய வெள்ளிக் கதை எந்தச் சமயத்தவருக்கும் ஓரளவு தெரியும். அதை இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸின் பக்கத்திலிருந்து கேட்பதுதான் புதிது. ஒன்றரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும்.

அப்புறம் 'லே மிசெராப்லே', 1985 லண்டன் பதிவு. 1988இல் வந்த மூன்று இறுவட்டு முழுப் பதிவைப் பலர் புகழ்வார்கள். நல்லதுதான், ஆனால் முதல் தடவைக்கு நீளம் அதிகம்.

'ஹமில்டன்' மூன்றாவது. 46 பாட்டு, நாடகம் ஏறக்குறைய முழுவதும் அதற்குள் இருக்கிறது. ஆனால் ராப் வேகத்தில் ஓடுவதால் வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும்.

ஏ. ஆர். ரஹ்மானின் 'பொம்பே ட்ரீம்ஸ்' (லண்டன், 2002) ஏன் முதலில் இல்லை என்று கேட்பீர்கள். 'முதல்வன்' படத்தின் ஷகலக்க பேபி அதில் வருகிறது, 'உயிரே'யின் தையா தையா மெட்டும் வருகிறது. நம் ஆட்களுக்கு உடனே மனம் படத்துக்குப் போய்விடும், மேடைக் கதை காதில் ஏறாது. நாலைந்து ஆல்பம் கேட்ட பிறகு கொடுங்கள், அப்போதுதான் அதன் அருமை தெரியும்.

பின்சேர்க்கை: அக்கரைப்பற்றிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். யூடியூபில் தேடி, பெயரும் அட்டைப்படமும் சரியாக இருந்த ஒன்றைக் கேட்டாராம், ஆனால் பாடியவர்கள் வேறு யாரோ. கரோக்கிக்காரரும் வேறு குழுக்களும் அதே தலைப்பில் போடுவதுண்டு. தலைப்பை நம்பாமல் இரண்டு பாடகர் பெயரைப் பாருங்கள். ஃபாண்டம் என்றால் மைக்கல் குரோஃபர்ட், சாரா பிரைட்மன். சூப்பர்ஸ்டார் என்றால் இயன் கில்லன், மறே ஹெட். இந்தப் பெயர்கள் இல்லையென்றால் அதை மூடிவிட்டு அடுத்ததைத் தேடுங்கள்.