காரில் ரிவால்வருடன் வெளியூர் கிளம்பும் முன்

துப்பாக்கியை எடுத்துப் போவதா, வீட்டில் விட்டுப் போவதா என்பதை முதலில் முடிவு செய்துவிட வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். இதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்று. வீட்டுப் படி இறங்கியதிலிருந்து திரும்பி வந்து பெட்டகத்தில் வைத்துப் பூட்டும் வரை அது என் இடுப்பை விட்டு இறங்காமல் இருக்குமா? வழியில் ஒரே ஓர் இடத்தில் அதைக் கழற்றி வைக்க வேண்டிவரும் என்றாலும் அந்தப் பயணத்துக்கு ரிவால்வர் கிடையாது. கொள்ளைக்காரனைவிட, கவனிப்பார் இல்லாமல் காரில் கிடக்கும் துப்பாக்கிக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன்.

சவுக்கார்பேட்டையில் நகைப் பட்டறை வைத்திருக்கிறேன். செய்து முடித்த உருப்படிகளைச் சேலம், கோவை, மதுரைக் கடைகளுக்குக் காரில் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. உயிருக்கு ஆபத்து உள்ள தொழில் என்பதைக் காட்டித்தான் .32 ரிவால்வருக்கு (இந்த எண் குழல் விட்டத்தின் அளவு) லைசென்ஸ் வாங்கினேன். அதே தேவை உள்ளவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். பந்தாவுக்காக இடுப்பில் சொருக நினைப்பவர்கள் தயவுசெய்து அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

லைசென்ஸ் வாங்கும் கதையைச் சுருக்கமாக முடிக்கிறேன். சென்னை மாநகரக் காவல் எல்லைக்குள் இருப்பவர்களுக்கு உரிமம் கொடுப்பவர் வேப்பேரியில் இருக்கும் போலீஸ் கமிஷனர். கமிஷனர் இல்லாத இடங்களில் கலெக்டர். 21 வயது முடிந்திருக்க வேண்டும். போலீஸ் விசாரணை அறிக்கை வேண்டும், துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளும் பயிற்சி எடுத்த சான்றும் வேண்டும். 2019-ல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது, லைசென்ஸ் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். 9 எம்.எம்., .38 போன்றவை தடை செய்யப்பட்ட ரகம். தனி ஆட்களுக்கு நடைமுறையில் கிடைப்பது .32 ரிவால்வர் அல்லது பிஸ்டல், 12 போர் துப்பாக்கி மாதிரியானவைதான். காரில் போகிறவருக்கு நான் ரிவால்வரையே சொல்வேன். சிலிண்டரைத் திறந்தால் தோட்டா இருக்கிறதா இல்லையா என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். களைத்துப் போய் நள்ளிரவில் வீடு வந்து சேரும் மனுஷனுக்கு அது பெரிய பாதுகாப்பு.

லைசென்ஸ் கைக்கு வந்ததும் எல்லோரும் துப்பாக்கி எண்ணைச் சரிபார்ப்பார்கள். அதோடு நிறுத்தாமல், எந்த எல்லைக்குள் செல்லும் என்று எழுதியிருக்கும் இடத்தையும் படியுங்கள். மாவட்டம், மாநிலம், இந்தியா முழுவதும் என்று அதில் வித்தியாசம் உண்டு. இந்தியா முழுவதற்கும் எல்லோருக்கும் கொடுத்துவிட மாட்டார்கள். எனக்கு இருப்பது தமிழ்நாடு மட்டும். அந்த எல்லைக்கு வெளியே கால் வைத்தால் கையில் இருப்பது லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி என்றே நினைத்துக்கொள்ளுங்கள். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை சிறை.

சென்னைக்காரர்களுக்கு இதில்தான் சிக்கல் அதிகம். நம் ஊரிலிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் மாநில எல்லை பக்கத்திலேயே வந்துவிடுகிறது. வடக்கே கும்மிடிப்பூண்டி தாண்டி ஆரம்பாக்கம் வந்தால் அடுத்தது ஆந்திராவின் தடா. நெல்லூர் கடைக்குச் சரக்கு கொண்டு போகும் நாட்களில் என் ரிவால்வர் பெட்டகத்தில்தான் இருக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடலூர் போகிறீர்களா? நடுவில் புதுச்சேரி குறுக்கிடுகிறது. அது தனி யூனியன் பிரதேசம், தமிழ்நாட்டு லைசென்ஸுக்கு வெளியே. ஆகவே துப்பாக்கியோடு கடலூர் போகும்போது திண்டிவனம், விழுப்புரம், பண்ருட்டி வழியாகச் சுற்றித்தான் போகிறேன். நாகப்பட்டினம் போகிறவர்கள் நடுவில் காரைக்கால் இருப்பதை மறந்துவிடக் கூடாது. பெங்களூர் திசையில் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, கிருஷ்ணகிரி, ஓசூர் வரை நம் மாநிலம், அத்திப்பள்ளியில் கர்நாடகா. அதே திசையில் செல்போன் வரைபடம் சில சமயம் ராணிப்பேட்டையில் திருப்பி, நேரம் மிச்சம் என்று சித்தூர் வழியைக் காட்டும். அதை நம்பித் திரும்பினால் ஆந்திராவுக்குள் போய்விடுவீர்கள். கிளம்புவதற்கு முந்தின இரவு, போகும் வழியில் உள்ள ஊர்களை ஒரு தாளில் வரிசையாக எழுதி டிரைவரிடம் கொடுத்து, இதைத் தவிர வேறு வழியில் வண்டி திரும்பக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன்.

எல்லைக்குள்ளேயே இருந்தாலும் துப்பாக்கி போகக் கூடாத இடங்கள் உண்டு. முதுமலை, சத்தியமங்கலம் போன்ற புலிகள் காப்பகங்களில், தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு நுழைவதை 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. "வேட்டையாட வரவில்லை, ஊட்டிக்குப் போகிறேன்" என்று வனத்துறைச் சோதனைச் சாவடியில் விளக்கிக்கொண்டு நிற்கும் நிலைமை வேண்டாம். திருவிழா, சாமி ஊர்வலம், பொதுக்கூட்டம், பள்ளிக்கூடம், கல்லூரி வளாகம் எல்லாவற்றுக்கும் லைசென்ஸ் நிபந்தனையிலேயே தடை அச்சாகியிருக்கிறது. மதுரைக்குச் சித்திரைத் திருவிழா நேரத்தில் சரக்கு கொண்டு போக நேர்ந்தால் நான் துப்பாக்கியைத் தொடுவதே இல்லை. முடிந்தால் பயணத்தையே தள்ளிப்போடுவேன். இந்தியா முழுவதற்கும் லைசென்ஸ் உள்ளவர்களுக்கும் திருமலையில் வழியில்லை. அலிபிரி சோதனையில் ஒவ்வொரு வண்டியையும் பார்ப்பார்கள், மலைமேல் ஆயுதத்துக்கு இடமே கிடையாது. நேபாளம் வரை காரில் போகும் ஆசை உள்ளவர்களுக்கும் இதே பதில்தான். நாட்டு எல்லையைத் தாண்டித் துப்பாக்கி கொண்டுபோவது வேறு சட்டம், வேறு அனுமதி. வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

தேர்தல் அறிவித்துவிட்டால் தனிக் கணக்கு. லைசென்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லி ஸ்டேஷனிலிருந்து தகவல் வரும். ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையிலோ கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பணம், நகை கொண்டுபோகும் வண்டிகளைப் பறக்கும் படை நிறுத்திப் பார்க்கும் நேரமும் அதுவே. 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் இருந்தால் கணக்குக் காட்ட வேண்டும், நகைக்கு டெலிவரி சலான் கையில் இருக்க வேண்டும்.

இனி வண்டிக்குள் வருவோம். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள், பொது இடத்தில் கைத்துப்பாக்கியை எப்படிக் கொண்டுபோக வேண்டும் என்பதைத் தெளிவாகவே சொல்கின்றன. உடம்பில் மாட்டிய உறையிலோ, தோளில் மாட்டும் பை மாதிரியான ஒன்றிலோ இருக்க வேண்டும். முழுக்க மூடியிருக்க வேண்டும். உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். வெளியே எடுத்து ஆட்டிக் காட்டுவது குற்றம். டேஷ்போர்டு அறை, சீட்டுக்கு அடி, கதவுப் பை, டிக்கி எல்லாம் வேண்டாம். திடீரென பிரேக் போட்டால் சீட்டுக்கு அடியில் இருப்பது பெடலுக்கு உருண்டு வரும். டேஷ்போர்டில் இருப்பதை, டோல்கேட்டில் சில்லறை தேடும் குழந்தை திறந்து பார்க்கும்.

நான் முன் சீட்டில் இடப்பக்கம் உட்காருவேன். அங்கே சீட் பெல்ட்டின் கொக்கி வலது இடுப்புப் பக்கம் விழுகிறது. உறையும் அதே இடத்தில் இருந்தால் பெல்ட்டைக் கழற்றும்போது பிடி அதில் மாட்டி இழுபடும். ஆகவே உறையை எந்த இடத்தில் மாட்டுவது என்பதை, தோட்டா இல்லாத ரிவால்வரோடு, நின்ற வண்டியில் உட்கார்ந்து எழுந்து பார்த்து முடிவு செய்யுங்கள். பிடியை வார் போட்டு அழுத்தும் உறையே வாங்க வேண்டும். விசையை முழுக்க மூடாத உறை எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

டிரைவர் விஷயத்தைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். நம்மில் பலர் டீ குடிக்க இறங்கும்போது "தம்பி, பையப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போகிறோம். அந்தப் பையில் துப்பாக்கி இருந்தால், அந்த நிமிஷம் முதல் லைசென்ஸ் இல்லாத ஒருவர் துப்பாக்கி வைத்திருக்கிறார் என்று ஆகிவிடுகிறது. சோதனைக்கு யாராவது வந்தால் வழக்கு அவர்மேல். பன்னிரண்டாயிரம், பதினைந்தாயிரம் சம்பளத்துக்கு நம்மை நம்பி ராத்திரி பகலாக வண்டி ஓட்டுகிற பிள்ளையை அப்படி ஓர் ஆபத்தில் நிறுத்தும் உரிமை நமக்கு இல்லை. மனைவி, மகன், கணக்குப்பிள்ளை யாராக இருந்தாலும் இதே விதிதான். லைசென்ஸில் யார் பெயர் இருக்கிறதோ அவர் உடம்பில்தான் துப்பாக்கி. அவர் கழிவறைக்குப் போனாலும் அதுவும் கூடவே போகும்.

லைசென்ஸ் அசல் புத்தகம் கூடவே இருக்கட்டும். செல்போனில் படம் எடுத்து வைத்தது உதவிக்குத்தான், அசலுக்கு ஈடாகாது. தோட்டா எத்தனை வைத்திருக்கலாம் என்று லைசென்ஸிலேயே இருக்கும். அந்தக் கணக்கும் தோட்டா வாங்கிய ரசீதும் பொருந்த வேண்டும்.

போலீஸ் வண்டியை நிறுத்தினால் கண்ணாடியை இறக்குங்கள், உள்விளக்கைப் போடுங்கள், இரண்டு கையும் தெரியும்படி டேஷ்போர்டில் வையுங்கள். "சார், என்கிட்ட லைசென்ஸ் ரிவால்வர் இருக்கு, இடுப்புல உறையில இருக்கு, லைசென்ஸ் சட்டைப் பையில இருக்கு, எடுக்கட்டுமா?" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். லைசென்ஸைக் காட்டச் சொல்லிக் கேட்க அவருக்குச் சட்டப்படி அதிகாரம் உண்டு. துப்பாக்கியை நீங்களாக எடுத்து நீட்டாதீர்கள். அவர் சொன்ன பிறகு, சொன்ன விதத்தில் செய்யுங்கள். இருட்டில் தனியாக நிற்கும் காவலருக்கும் வீட்டில் குடும்பம் இருக்கிறது.

சாலையில் ஆபத்து வரும்போது முதல் ஆயுதம் வண்டிதான். பின்னால் லேசாக இடிப்பது, "சார், டயர்ல காத்து இல்ல", "ஆயில் ஒழுகுது" என்று பக்கத்தில் வந்து கத்துவது, கண்ணாடியில் முட்டை அடிப்பது எல்லாம் உங்களை நிறுத்துவதற்கான வேலை. நிறுத்தாதீர்கள். முட்டை விழுந்தால் வைப்பர் போடாதீர்கள், கண்ணாடி முழுக்கப் பூசிக்கொள்ளும். வெளிச்சமும் ஆட்களும் உள்ள பெட்ரோல் பங்க் அல்லது டோல்கேட் வரை மெதுவாகவாவது ஓட்டிப் போங்கள். கதவு பூட்டியிருக்கட்டும், ஹாரனை விடாமல் அடியுங்கள், 112-ஐக் கூப்பிடுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் 1033-ம் உண்டு. கடைசியாகத் தாண்டிய கிலோமீட்டர் கல்லின் எண் தெரிந்தால் உதவி சீக்கிரம் வந்து சேரும். டிரைவரும் நானும் அதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போவது வழக்கம். இரவு பத்து மணிக்கு மேல் சரக்கோடு சாலையில் இருப்பதில்லை என்பதும் பட்டறையில் எழுதாத விதி.

சுடுவது எப்போது? பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பேசுகின்றன. முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்தவை இவை. அந்தப் பக்கங்களை ஒரு வக்கீலோடு உட்கார்ந்து படித்துவிடுங்கள். உயிர் போகும், கொடுங்காயம் ஏற்படும் என்ற நியாயமான அச்சம் அந்த நொடியில் இருக்க வேண்டும். தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. போலீஸ் உதவியை நாட அவகாசம் இருந்தால் அந்த உரிமை இல்லை. கண்ணாடியை உடைத்துப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன் முதுகில் சுட்டுவிட்டு அதைத் தற்காப்பு என்று நிரூபிப்பது மிகக் கடினம். ஓடட்டும். நகைக்கு ஜுவல்லர்ஸ் பிளாக் பாலிசி, அதாவது நகைத் தொழில் செய்கிறவர்களுக்கான காப்பீடு, எடுத்து வைத்திருக்கிறேன். பொருளுக்காகச் சுட வேண்டிய நெருக்கடியே வரக் கூடாது என்பதற்குத்தான் அந்த பிரீமியத்தை மனதாரக் கட்டுகிறேன். மிரட்டுவதற்காக வானத்தைப் பார்த்துச் சுடுவதும் வேண்டாம். மேலே போன குண்டு எங்கோ கீழே இறங்கத்தான் செய்யும். அடுத்தவர் உயிருக்கு ஆபத்தாகும்படி அஜாக்கிரதையாகச் சுட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம்.

ஒருவேளை சுட நேர்ந்துவிட்டால், ஆபத்து விலகியதும் 112-க்கும் அடிபட்டவர் யாராக இருந்தாலும் 108-க்கும் சொல்லுங்கள். இடத்தை விட்டுப் போகாதீர்கள், விழுந்த எதையும் பொறுக்காதீர்கள். சுட்டது நான்தான் என்று சொல்லி, துப்பாக்கியைப் போலீஸிடம் ஒப்படைத்துவிட்டு, விவரமான வாக்குமூலத்துக்கு வக்கீல் வரட்டும் என்று மரியாதையாகக் கேளுங்கள்.

துப்பாக்கி தொலைந்தாலோ திருடு போனாலோ, அப்போது நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்களோ அந்த ஊர் ஸ்டேஷனில் உடனே எழுதிக் கொடுங்கள். சென்னை வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளக் கூடாது.

இரவு வெளியூரில் தங்க நேர்ந்தால், உள்ளே தாழ் போட்ட பிறகு, சுவரை நோக்கி, யாரும் இல்லாத பக்கமாகப் பிடித்துத் தோட்டாக்களை இறக்குவேன். எண்ணிப் பார்த்துத் தனிப் பையில் போடுவேன். காலையில் கிளம்பும்போது மறுபடி எண்ணுவேன். வீடு திரும்பியதும் அதே வேலை. செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அதைச் செய்துவிட வேண்டும், ஏனென்றால் பேரப்பிள்ளைகள் ஓடிவருவது அந்த நேரத்தில்தான். ரிவால்வர் ஒரு பூட்டில், தோட்டா வேறு பூட்டில், இரண்டு சாவியும் என்னிடம்.