பொழுதுபட்டால் ஏறும் காய்ச்சல்

திருகோணமலை உப்புவெளியில் எங்கட வீட்டில அம்மாவுக்குக் காய்ச்சல் எண்டால், பொழுதுபட்ட பிறகுதான் உடம்பு கொதிக்கும். சிறுநீரகத்துக்கு மேல தொப்பிபோல இருக்கிற அதிரீனல் சுரப்பி விடும் கோட்டிசோல்தான் அழற்சியை அடக்கி, காய்ச்சல் எல்லைமீறாமல் பிடிக்கும். விடியப்புறம் அது உச்சம், இரவில் குறைவு. அதனால பின்னேரமும் வெப்பமானி வைத்துக் கொப்பியில எழுதுங்கோ. கொத்தமல்லித் தண்ணி குடுங்கோ. டெங்கு சந்தேகமெண்டால் பரசிற்றமோல் மட்டும். இபுபுரூபன், அஸ்பிரின் வேண்டாம்.

கனநாளாகப் பிரெட்னிசொலோன் எண்ட, கோட்டிசோல்போல வேலைசெய்யிற குளிசையை எடுக்கிறவை காய்ச்சலில அதை நிறுத்தவே கூடாது. குளிசை வந்துகொண்டிருந்ததால சுரப்பி சோர்ந்திருக்கும். தேவையான நேரம் சுரக்காது. அம்மா வாந்தியெண்டு இரண்டு நாள் விட்டவ. கிணத்தடியில வாளியோட சரிஞ்சு விழுந்திட்டா. குளிசை வயித்தில நிக்காட்டி உடனே ஆசுபத்திரிக்குக் கொண்டுபோய், என்ன குளிசை எடுக்கிறவ எண்டதை முதல் சொல்லுங்கோ. ஊசியாப் போடுவினம்.