கைக்குழந்தையின் தொண்டையில் பொருள் அடைத்தால்: பயிற்சியில் பழக வேண்டியவை

முதலுதவிப் பயிற்சிக்குச் செல்லும் பெற்றோர், ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மூச்சடைத்தால் செய்ய வேண்டியதைப் பொம்மையின் மேல் கை பழகும்வரை செய்து பார்க்க வேண்டும். கேட்டறிந்தது பதற்றத்தில் மறந்துபோகும்.

குழந்தை பலமாக இருமினால் காற்று போய்வருகிறது என்று பொருள். அருகிலிருந்து இரும விடுவதே சரி. சத்தமே எழாமல் வாய் மட்டும் திறந்து மூடி, உதடு நீலம் பாரித்தால், குழந்தையை முன்கையில் குப்புறக் கிடத்தி, தாடையை விரல்களால் தாங்கி, தலை உடலைவிடத் தாழ்ந்திருக்குமாறு தொடையில் அணைத்து, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை பலமாகத் தட்ட வேண்டும். பொருள் வெளிவராவிட்டால் மல்லாத்தி, நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் 5 முறை அழுத்தி, இரண்டையும் மாறி மாறித் தொடர வேண்டும். இந்த வயதில் வயிற்றை அழுத்தக் கூடாது, உள்ளுறுப்புகள் காயப்படலாம்.

கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல்விட்டுத் துழாவுவது (பலரும் முதலில் செய்வது இதைத்தான்) அதை இன்னும் ஆழத்தில் தள்ளிவிடும். உடனிருப்பவர் அதற்குள் ஆம்புலன்ஸை அழைக்கட்டும். குழந்தை நினைவிழந்தால், கெட்டியான தளத்தில் கிடத்தி, 30 நெஞ்சழுத்தங்களுக்கு 2 மூச்சு என்ற கணக்கில் உயிர்காக்கும் முதலுதவியைத் தொடங்கி, ஒவ்வொரு முறை மூச்சு ஊதும் முன்பும் வாய்க்குள் பொருள் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.