ஹெல்மெட்டின் உள்பக்கம்: வெந்து சாகாமல் நாள் முழுக்கப் போட்டுக்கொள்வது எப்படி

காஸ்ப்ளேவுக்கு, அதாவது சினிமா, காமிக்ஸ், கேம் பாத்திரங்களாக வேஷம் போட்டுக்கொண்டு போவதற்கு, ஹெல்மெட் செய்கிற எல்லோரும் வெளிப்பக்கத்துக்குத்தான் உயிரைக் கொடுக்கிறோம். பட்டி போட்டு, உப்புத்தாள் தேய்த்து, பிரைமர் அடித்து, மறுபடி தேய்த்து, குண்டு உரசிப் போன மாதிரி வெள்ளி பெயின்ட்டைத் தொட்டுத் தொட்டு வைக்கிறோம். உள்பக்கம்? நிகழ்ச்சிக்கு முந்தின நாள் ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பழைய தலையணையைக் கிழித்து ஹாட் க்ளூவில் (சூட்டில் உருக்கி ஒட்டுகிற பசை) ஒட்டி முடித்துவிடுவோம். நானும் அப்படித்தான் செய்தேன். ஈவிஏ ஃபோம் என்கிற, ரப்பர் மாதிரி மெத்தென்ற ஷீட்டில் செய்த விண்வெளிப் படைவீரன் ஹெல்மெட் அது. பார்த்தவர்கள் படமெடுத்துக்கொண்டார்கள், நானோ இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை அதைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றேன். மத்தியானத்துக்கு மேல் ஒரு பக்கப் பஞ்சு பெயர்ந்து, பார்க்க வேண்டிய துளை மூக்குக்கு இறங்கிவிட்டது. அதற்கப்புறம் யார் காலை மிதித்தேன் என்றே தெரியாது.

அதன் பிறகு நாலைந்து ஹெல்மெட்டுக்கு உள்வேலை செய்ததில் நான் கற்றது ஒன்றுதான்: உள்ளே முழுக்க நிரப்பாதீர்கள். தலையை ஐந்தாறு இடத்தில் மட்டும் தொடட்டும், மற்ற இடமெல்லாம் காற்றுக்கு. வெளிநாட்டு வீடியோக்களில் உள்பக்கம் முழுவதும் மெத்தை மாதிரி ஃபோம் ஒட்டுவதைக் காட்டுவார்கள், குளிர் ஊருக்கு அது சரி. காஸ்ப்ளேக்காரர்கள் கூடுகிற காமிக் கான் விழா சென்னைக்கு வந்ததே 2024-இல்தான், நம் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் என்ன செய்வது என்பதை நாமே பட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

முதலில் அளவு. புருவத்துக்கு ஒரு விரல் மேலே ஆரம்பித்து, பின்மண்டை புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றித் தையல் டேப்பால் அளந்துகொள்ளுங்கள். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 54-லிருந்து 60 செ.மீ.க்குள் வரும். வெற்று ஹெல்மெட்டைப் போட்டுப் பார்த்தால் தலையைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரு 2 செ.மீ. இடைவெளியாவது இருக்க வேண்டும், கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியோடு போட்டுப் பாருங்கள். இடைவெளியே இல்லாமல் ஹெல்மெட்டின் ஓடு மண்டையைத் தொடுகிறது என்றால் உள்ளே என்ன செய்தாலும் தலைவலி நிச்சயம், அதை நண்பரின் தம்பிக்குக் கொடுத்துவிட்டு அடுத்ததைப் பெரிதாகச் செய்யுங்கள்.

அடுத்தது உள்சுவர். ஃபைபர் கிளாஸ் என்றால் இதைத் தள்ளிப்போடவே கூடாது. முடி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடி இழை கழுத்தில் ஏறினால் ரெண்டு நாள் அரிக்கும். மூக்குக்கு மாஸ்க், கைக்கு உறை போட்டுக்கொண்டு, தூசி பறக்காமல் இருக்கத் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, மேலே ஒரு கை ரெசினோ பெயின்ட்டோ கொடுத்து மூடிவிடுங்கள். 3டி பிரின்ட் என்றால், அச்சாகும்போது தாங்குவதற்காக வரும் சப்போர்ட்டை உடைத்த இடத்தில் முள் முள்ளாக நிற்கும், அதை மட்டும் சீவினால் போதும். காகிதக் கூழில் செய்தவர்கள் உள்ளேயும் ரெண்டு கோட் வார்னிஷ் அடிக்காவிட்டால் வியர்வையில் ஊறிப்போய்விடும். ஈவிஏ ஃபோமுக்கு இந்த வேலை எதுவும் இல்லை. எதில் செய்திருந்தாலும் கடைசியாக உள்ளே பளபளப்பில்லாத கறுப்பு அடித்துவிடுங்கள். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு விசர் (முகத்துக்கு முன்னால் பார்ப்பதற்கான தகடு) வழியாக உங்கள் மூக்கு தெரியாது, உங்களுக்கும் உள்ளே வெளிச்சம் பட்டுக் கண் கூசாது. அடித்த பிறகு ரெண்டு மூன்று நாள் மின்விசிறிக்கு அடியில் கவிழ்க்காமல் திறந்து வையுங்கள், பெயின்ட் வாசனை மூக்குக்கு நேராக ஆறு மணி நேரம் இருப்பதை நினைத்துப் பாருங்கள்.

இப்போது முக்கியமான வேலை, கண் மட்டம். பஞ்சு எங்கே வைக்கிறோம் என்பதுதான் கண் எங்கே நிற்கும் என்பதைத் தீர்மானிக்கிறது, ஆனால் எல்லோரும் மெத்தென்று இருக்கிறதா என்று பார்த்து ஒட்டிவிட்டு அப்புறம் கண்ணாடி முன்னால் நின்று முழிக்கிறோம். என் வழி இது: பழைய சாக்ஸ் ஆறு எடுத்து, ஒவ்வொன்றிலும் துணியைத் திணித்து உருண்டையாக்கி முடிச்சுப் போட்டுக்கொள்கிறேன். உச்சிக்கு ஒன்று, நெற்றிக்கு ஒன்று, பின்மண்டைக்கு ஒன்று, ரெண்டு கன்னத்துக்கும் ரெண்டு, மிச்சம் ஒன்று கையில். மாஸ்க்கிங் டேப்பால் தற்காலிகமாக ஒட்டி, போட்டு, நேராகப் பார்க்கிறேன். உச்சி உருண்டை பெருத்தால் ஹெல்மெட் மேலே ஏறும், சிறுத்தால் இறங்கும். நெற்றி உருண்டை பெருத்தால் முகம் விசரிலிருந்து பின்னால் போகும், மூச்சுப் படுவது குறையும், ஆனால் பார்வை குறுகும். இந்த ரெண்டையும் மாற்றி மாற்றி வைத்து, நேரே நடக்கும்போது ஐந்தாறு அடி தூரத்தில் தரை தெரிகிற இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். தரை தெரியாவிட்டால் படிக்கட்டில் கை பிடிக்க ஆள் வேண்டும். சரியாக வந்ததும் ஒவ்வொரு உருண்டையையும் அழுத்தி ஸ்கேலால் கனம் பார்த்து, ஓட்டின் உள்ளேயே சாக்பீஸால் கோடு போட்டுவிடுங்கள். அரை மணி நேர வேலைதான்.

நிஜ திண்டுக்கு என்ன போடலாம்? சோஃபா தைக்கிற கடையில் துண்டு ஸ்பாஞ்ச் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். அழுத்தினால் உடனே எழும்பி வரும் கெட்டி ஸ்பாஞ்ச் வாங்குங்கள், பார்சலில் வரும் மெலிசு ஸ்பாஞ்ச் ஒரு மணி நேரத்தில் அப்பளமாகிவிடும். இதைவிட நான் விரும்புவது தையல் சாமான் கடையில் கிடைக்கும் ஷோல்டர் பேடும் ரவிக்கைக்கு வைக்கிற கப்பும். சிரிக்காதீர்கள். வளைவாகவே வார்த்து, மேலே துணி ஒட்டி, ஓரம் மெலிந்து வருகிறது, கன்னத்துக்கும் நெற்றிக்கும் அளவெடுத்துச் செய்த மாதிரி உட்காரும். கடைக்காரரிடம் எதற்கு என்று விளக்கப் போகாதீர்கள், நான் ஒருமுறை விளக்கப் போய் நிலைமை இன்னும் மோசமானதுதான் மிச்சம். ஸ்பாஞ்ச் போடுகிறவர்கள் மேலே பழைய பருத்தி டி-ஷர்ட் துணியைச் சுற்றித் தைத்துவிடுங்கள். வெறும் ஸ்பாஞ்ச் நெற்றியில் உரசினால் சாயங்காலம் சிவந்திருக்கும்.

திண்டு எதையும் ஓட்டில் நேராக ஒட்டாதீர்கள், வெல்க்ரோ போடுங்கள். கழற்றித் துவைக்கலாம், கனம் மாற்றலாம், தம்பி போட்டுக்கொண்டால் அவன் தலைக்கு ஏற்றபடி நகர்த்தலாம். வெல்க்ரோவில் ஒரு பக்கம் முள், ஒரு பக்கம் மெத்து. மெத்துப் பக்கத்தை ஓட்டில் ஒட்டுங்கள், முள்ளைத் திண்டில் தையுங்கள். மாற்றி ஒட்டினால் திண்டு மறைக்காத முள்ளெல்லாம் தலைமுடியைப் பிடித்து இழுக்கும், ஹெல்மெட்டைக் கழற்றும்போதெல்லாம் நாலு முடி போகும். வெல்க்ரோவின் முதுகில் வருகிற பசையை நம்பாதீர்கள், வியர்வையில் ஒரே நாளில் உரிந்துவரும். ஃபெவிகால் எஸ்ஆர் 998 மாதிரி ரப்பர் பசையை ரெண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பத்து, பதினைந்து நிமிஷம் காத்திருந்து, அப்புறம் ஒரே அழுத்தாக அழுத்துங்கள். பொறுமை இல்லாமல் ஈரத்திலேயே ஒட்டினால் பிடிக்காது. ஜன்னல் திறந்திருக்கட்டும், வாசனை தலையைச் சுற்றும். தெர்மாகோலில் செய்த ஹெல்மெட் என்றால் இந்தப் பசை பக்கமே போகாதீர்கள், தெர்மாகோலைக் கரைத்துக் குழி பறித்துவிடும். அதற்கு வெள்ளை ஃபெவிகால்தான், ஒரு ராத்திரி காய விடுங்கள். இன்ஸ்டன்ட் பசை வேண்டவே வேண்டாம்: அதன் ஆவி கண்ணை எரிக்கும், விசரில் வெள்ளையாகப் படியும், பருத்தித் துணியில் பட்டால் சுடவும் சுடும்.

ஹெல்மெட் பெரிதாக, தலையைச் சுற்றி நாலைந்து செ.மீ. இடம் இருந்தால் இந்தத் திண்டு வேலையெல்லாம் விட்டுவிட்டு வேறு வழிக்குப் போங்கள். கட்டட வேலைக்குப் போடுகிற மஞ்சள் ஹெல்மெட் ஒன்று ஹார்டுவேர் கடையில் வாங்குங்கள், பின்னால் திருகுகிற குமிழ் வைத்ததாக. உள்ளே பட்டைகளால் ஆன ஒரு கூடு இருக்கும், அதை மட்டும் கழற்றி எடுத்து உங்கள் ஓட்டுக்குள் பொருத்திவிட்டால் போதும். தலைக்கும் ஓட்டுக்கும் நடுவே அது தொட்டில் மாதிரி தொங்கும், சுற்றிலும் காற்று, குமிழைத் திருகினால் யார் தலைக்கும் இறுகும். ஈவிஏ ஃபோம் கட்டைகளை உள்சுவரில் ஒட்டி, அவற்றில் பிளவு வெட்டி, கூட்டின் கொக்கிகளைச் செருகுவேன். நாலு முனைக் கூடு என்றால் நாலு கட்டை. முன் ரெண்டும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அரை செ.மீ. மாறினாலும் தலை சாய்ந்த படைவீரன்தான். கூடு எடுத்த மஞ்சள் ஓட்டைப் பத்திரப்படுத்தாதீர்கள், யாராவது நிஜ ஹெல்மெட் என்று நினைத்துச் சைட்டுக்குப் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். வெட்டிப் போடுங்கள். அதேபோல உங்கள் காஸ்ப்ளே ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டாதீர்கள். வண்டி ஹெல்மெட்டுக்கு ஐஎஸ் 4151 என்று தனி தரமே இருக்கிறது, நம்முடையது அட்டையும் ஃபோமும்.

நாடி வார் சிலருக்குத் தேவைப்படாது. குனிந்தால் ஹெல்மெட் கழன்று விழுகிறது என்றால் போடுங்கள். பை ரிப்பேர் கடையில் பட்டையும் கிளிக் பக்கிளும் கிடைக்கும். வார் காதுக்கு முன்னால் இறங்கட்டும், காதின் மேல் படக் கூடாது.

சரி, வேர்வை. முதல் பாதுகாப்பு துணிதான். கதகளி ஆட்டக்காரர்கள் அந்தக் கனத்த மரக் கிரீடத்தை வைப்பதற்கு முன்னால் தலையில் துணியை இறுகக் கட்டிக்கொள்வார்கள், நமக்கும் அதேதான். பைக் ஓட்டுகிறவர்கள் ஹெல்மெட்டுக்குள் போடுகிற மெல்லிய பருத்தித் தொப்பி போதும், ரெண்டு மூன்று எடுத்துப் போய் நனைந்ததும் மாற்றுங்கள்.

அடுத்தது ஃபேன். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் 5 வோல்ட் சின்ன ஃபேன்கள் கிடைக்கும். றெக்கை வெளியே தெரிகிற தட்டை ஃபேனை விட, நத்தை ஓடு மாதிரி இருக்கிற பிளோயர் நல்லது. குறுகலான சந்தில் காற்றைத் தள்ள தட்டை ஃபேன் திணறும், பிளோயர் தள்ளிவிடும். ஒன்றை நாடிக்குக் கீழே வைத்து விசரின் உள்பக்கத்தைப் பார்த்து மேல்நோக்கி ஊத விடுங்கள், அது மூச்சுக்காற்று பட்டு விசரில் பனி படியாமல் பார்த்துக்கொள்ளும். இன்னொன்றை உச்சிக்குப் பின்னால் வைத்து உள்ளே இருக்கிற சூட்டை வெளியே தள்ள விடுங்கள். ரெண்டும் உள்ளே ஊதினால் காற்று போக வழியில்லாமல் அதே மூச்சுதான் சுற்றிச் சுற்றி வரும். மறைவாக அலங்காரக் கோட்டுக்குள் நாலைந்து துளை போட்டுவிடுங்கள். ஃபேன் முன்னால் ஒரு துண்டு கொசுவலை ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் முடி சிக்கும், நீளமுடிக்காரர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.

பவர் பேங்க்கில் ஒரு விஷயம் யாரும் சொல்வதில்லை. ஒரு சின்ன ஃபேன் இழுக்கிற கரன்ட் ரொம்பக் குறைவு, பல பவர் பேங்க் எதுவும் மாட்டவில்லை என்று நினைத்து அரை நிமிஷத்தில் தானே அணைந்துவிடும். ஃபேன் கெட்டுப்போச்சு என்று நான் ரெண்டு ஃபேன் மாற்றிய பிறகுதான் புரிந்தது. ரெண்டு ஃபேனும் ஒரு எல்இடியும் சேர்த்து மாட்டினால் பெரும்பாலும் நிற்கும். இல்லாவிட்டால் நாலு ரீசார்ஜ் ஏஏ செல் போடுங்கள், 4.8 வோல்ட் வரும், அணையவே அணையாது. எதைப் போட்டாலும் பின்மண்டைப் பக்கம் வையுங்கள். பெரும்பாலான ஹெல்மெட் முன்கனம், கழுத்து முன்னால் இழுபட்டே வலிக்கும். பின்னால் பேட்டரி உட்கார்ந்தால் தராசு சமமாகிவிடும்.

பனி படிவதற்கு ஃபேன் இல்லாத வழியும் உண்டு. பாத்திரம் கழுவுகிற திரவத்தில் ஒரு சொட்டை விசரின் உள்ளே தடவி, ஈரமில்லாத மெல்லிய துணியால் தெரியாத அளவுக்குத் துடைத்துவிடுங்கள். ஒரு மணி நேரம் தாங்கும். முதலில் ஓரத்தில் தடவிப் பாருங்கள், ஒட்டியிருக்கும் ஃபிலிம் உரியலாம்.

காது பக்கம் திண்டு வைக்காதீர்கள். காதுக்கு நேராக அலங்கார வட்டம் ஏதாவது இருந்தால் அதற்குள் துளை போட்டு உள்ளே கறுப்பு வலைத் துணி ஒட்டினால் யாராவது கூப்பிட்டால் கேட்கும். கூட்டத்தில் பின்னாலிருந்து வரும் தள்ளுவண்டிச் சத்தம் கேட்காமல் நிற்பது விளையாட்டில்லை.

எல்லாம் முடிந்ததும் வீட்டில் ஒரு மணி நேரம் போட்டுக்கொண்டு இருங்கள். மாடிப்படி ஏறி இறங்குங்கள், குனிந்து செருப்பு மாட்டுங்கள், ஸ்ட்ராவில் தண்ணீர் குடியுங்கள், ரெண்டே கையால் நீங்களாகவே ஐந்து விநாடியில் கழற்ற முடிகிறதா பாருங்கள். முடியாவிட்டால் வாரையோ கன்னத் திண்டையோ தளர்த்துங்கள், மயக்கம் வருகிற நேரத்தில் பக்கிள் தேடக் கூடாது. கழற்றியதும் கண்ணாடியில் பார்த்தால் நெற்றியில் எங்கே சிவந்திருக்கிறதோ அங்கேதான் அழுத்துகிறது, அந்தத் திண்டில் அரை செ.மீ. சீவுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் திண்டுகளை உரித்து சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் போடுங்கள். ஓட்டுக்குள் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைத் துணியில் நனைத்துத் துடையுங்கள், விசரில் மட்டும் பட வேண்டாம். பேட்டரியைக் கழற்றுங்கள், செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து வைத்தால் ஈரமும் இழுக்கும், வடிவமும் நிற்கும். வெயிலில் நிறுத்தின காருக்குள் மட்டும் விட்டுவிடாதீர்கள். பிஎல்ஏ என்கிற பிளாஸ்டிக்கில் எடுத்த 3டி பிரின்ட் 60 டிகிரி வாக்கில் இளகிவிடும், ஹாட் க்ளூவும் அப்படித்தான். என் நண்பர் ஒருவர் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் அவருடைய படைவீரனுக்கு வாய் கோணிவிட்டது.