ஆன்லைன் பயிற்சியில் எதைப் பூட்டுவது, எதைத் திறந்துவிடுவது?

கோர்ஸ் தயாரிக்கிறவர்கள் முதலில் செய்கிற தவறு நெக்ஸ்ட் பட்டனைப் பூட்டி வைப்பதுதான். வீடியோ முழுசாக ஓடி முடிந்தால்தான் அடுத்த பக்கம் வரும், முன்னால் இழுக்க முடியாது, சில இடங்களில் வேகத்தைக்கூட மாற்ற விட மாட்டார்கள். இதனால் யாரும் கூடுதல் கவனத்தோடு பார்ப்பதில்லை. வீடியோவை ஓடவிட்டு, சத்தத்தை அடைத்துவிட்டு, வேறு டேபில் தங்கள் வேலையைப் பார்க்கிறார்கள்.

வேகம் கற்கிறவர் கையில்தான் இருக்க வேண்டும். மின்னல் எப்படி உண்டாகிறது என்பதை விளக்கும் ஒரு சின்ன அனிமேஷனை வைத்து கல்வி ஆய்வாளர்கள் ரிச்சர்ட் மேயரும் பால் சாண்ட்லரும் செய்த ஆய்வு 2001-ல் வெளியானது. அதை 16 துண்டுகளாக வெட்டி, பார்ப்பவர் பட்டனை அழுத்தினால்தான் அடுத்த துண்டு வரும்படி வைத்தார்கள். அப்படி நிறுத்தி நிறுத்திப் பார்த்தவர்கள், நிற்காமல் பார்த்தவர்களைவிட, பாடத்தில் நேரடியாக வராத கேள்விகளுக்கும் நன்றாகப் பதில் சொன்னார்கள். மொத்தமே இரண்டரை நிமிடம்கூட இல்லாத அனிமேஷனுக்கே இப்படி என்றால், நாற்பது நிமிட வீடியோவைப் பூட்டி வைப்பது எவ்வளவு அநியாயம்!

அடுத்த தவறு இதற்கு நேர் எதிர், நானே செய்தது. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஜிஎஸ்டி கோர்ஸ் ஒன்று தயாரித்தபோது, பில் போடுவது, இன்புட் கிரெடிட் (வாங்கும்போது கட்டிய வரியை, நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது), ரிட்டர்ன் தாக்கல் என்று எல்லாவற்றையும் மெனுவில் வைத்து, வேண்டியதை மட்டும் படித்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். பலர் இன்புட் கிரெடிட் பகுதியைத் திறக்கவே இல்லை, அது தெரிந்ததுதானே என்ற நினைப்பு. பிறகு மாதிரிக் கணக்கு ஒன்றைக் கொடுத்தால், ஊழியர்களுக்கு ஹோட்டலில் வாங்கிக் கொடுத்த சாப்பாட்டு பில்லுக்கும் சேர்த்துக் கிரெடிட் எடுத்து வைத்திருந்தார்கள், பொதுவாக அதற்குக் கிரெடிட் கிடையாது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு விஷயத்தில் புதிதாக இருக்கிறவருக்குத் தனக்கு என்ன தெரியாது என்பதும் தெரியாது, அப்படிப்பட்டவரிடம் தேர்வை முழுக்கக் கொடுத்தது என் தவறு.

இது பழைய சங்கதிதான். 1972-ல் உளவியலாளர் ரிச்சர்ட் அட்கின்சன் 84 ஜெர்மன் சொற்களைக் கற்பித்துப் பார்த்தார். எந்தச் சொல்லைப் படிப்பது என்று தாங்களே தேர்ந்தெடுத்தவர்கள், ஏதோ ஒரு வரிசையில் சொற்களைப் பெற்றவர்களைவிட மேலாகத்தான் செய்தார்கள். ஆனால் ஒவ்வொருவரின் பதிலையும் பார்த்து எந்தச் சொல்லில் தடுமாறுகிறார் என்று கணினி தேர்ந்தெடுத்துக் கொடுத்தபோது, ஒரு வாரம் கழித்து வைத்த சோதனையில் அதைவிடவும் நல்ல பலன் தெரிந்தது.

அதற்காக அனுபவசாலியையும் அதே கம்பிக்குள் அடைக்காதீர்கள். புதியவருக்கு உதவுகிற விலாவாரியான விளக்கம், ஏற்கெனவே தெரிந்தவருக்குப் பாரமாகிறது, சில சமயம் கற்பதையே கெடுக்கிறது. ஆரம்பத்தில் பத்துக் கேள்வி வையுங்கள், சரியாகச் சொன்ன பகுதியைத் தாண்டிப் போக விடுங்கள்.

அப்புறம், ‘விருப்பம் இருந்தால் பயிற்சிக் கணக்கைச் செய்யலாம்’ என்று ஓரத்தில் ஒரு இணைப்பு வைப்பது. அதை யாரும் தேடிப்போய்ச் செய்ய மாட்டார்கள், கண் முன்னால் எது வருகிறதோ அதோடு நகர்ந்துவிடுவார்கள். பயிற்சியைப் பாதையிலேயே வைத்துவிட்டு, வேண்டாதவர் தவிர்க்க ஒரு பட்டன் கொடுங்கள், அதுவே போதும்.

கெடு தேதி இல்லாமல் விடுவதும் பெரிய தவறு. ‘உங்கள் வசதிப்படி முடியுங்கள்’ என்றால் பெரும்பாலானவர்கள் முடிப்பதே இல்லை. இதில் ஐஐடிகள் சேர்ந்து நடத்தும் ஆன்லைன் பாடத் தளமான என்பிடெல் செய்கிற முறை எனக்குப் பிடித்திருக்கிறது. வீடியோவை எப்போது வேண்டுமானாலும், எந்த வேகத்திலும், எத்தனை தடவையும் பார்க்கலாம், ஆனால் வாராவாரம் அசைன்மென்டுக்குக் கடைசி தேதி உண்டு. சான்றிதழ் வேண்டுமென்றால் மையத்துக்கு நேரில் போய்த் தேர்வெழுத வேண்டும், பொதுவாக 100-க்கு 25 மதிப்பெண் அசைன்மென்டிலிருந்தும் 75 தேர்விலிருந்தும் வருகிறது. எங்கள் ஜிஎஸ்டி கோர்ஸையும் இப்போது இப்படித்தான் மாற்றியிருக்கிறேன்: வாரத்துக்கு ஒரு மாதிரிக் கணக்கு, வெள்ளிக்கிழமை மாலைக்குள் கொடுத்துவிட வேண்டும், வீடியோவில் மட்டும் எந்தப் பூட்டும் கிடையாது.