பிரசர் பார்க்கும்போது விடும் தவறுகள்

கொழுந்து நிறுத்துக் கொடுத்த கையோடு மேடேறி வந்து, டிஸ்பென்சரி வாங்கில் உட்கார்ந்ததும் கையில் பட்டியைச் சுற்றிவிடுகிறார்கள். அப்போது 150/95 காட்டினால் அதை வைத்து நோய் என்று முடிவுகட்ட முடியாது. ஓய்வில் இதயம் ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 70 மில்லிலீற்றர் குருதியைப் பெருநாடிக்குள் தள்ளும்; நிமிடத்துக்குச் சுமார் 5 லீற்றர். மேடேறும்போது இது இரண்டு மடங்குக்கு மேல் போகும். அது அடங்க, 5 நிமிடமாவது சாய்ந்து, வாய் பேசாமல் இருக்க வேண்டும். கால் மேல் கால் போடக்கூடாது, பாதம் தரையில் படிய வேண்டும். கிளினிக் வரிசையில் சிறுநீரை அடக்கிக்கொண்டிருந்தாலும் எண் ஏறும். முதலில் போய் வந்துவிடுங்கள். தேத்தண்ணி, வெற்றிலையோடு போடும் புகையிலை இரண்டையும் அரை மணி நேரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும். நிக்கொட்டின் நாடிகளைச் சுருக்கும்.

அதிகம் கவனிக்காமல் விடுவது கையின் உயரத்தைத்தான். குருதியும் ஒரு திரவம்; பட்டி இதய மட்டத்துக்குக் கீழே இருந்தால் அந்த உயரத்துக்கான எடையும் அளவோடு சேர்ந்துவிடும். 10 சென்ரிமீற்றர் தாழ்ந்தால் மெஷின் காட்டும் எண் ஏறக்குறைய 8 (மில்லிமீற்றர் இரசம், பிரசரை அளக்கும் அலகு) கூடும். மணிக்கட்டில் கட்டும் மெஷினை மடியில் வைத்துப் பார்த்தால், 125 உள்ளவருக்கும் 140 தாண்டிக் காட்டலாம். அந்த எண்ணை நம்பி மாத்திரை கூட்டப்பட்டால், எழும்பும்போது தலைசுற்றி விழலாம். மேசை இல்லாத லயத்து வீட்டில் இரண்டு தலையணையை அடுக்கி, அதன்மேல் கையைத் தளர்த்தி வையுங்கள். பட்டி நெஞ்சின் நடுமட்டத்தில் நிற்க வேண்டும்.

நுவரெலியா, கந்தப்பளைப் பக்கம் தை மாத விடியலில் குளிரே தோலின் சிறு நாடிகளைச் சுருக்கி அமுக்கத்தைக் கூட்டிவிடும். அதற்காக ஸ்வெட்டருக்கு மேல் பட்டி கட்டுவது பிழை. ஸ்வெட்டர் கையை மேலே சுருட்டினால் அதுவே புயத்தை இறுக்கும். ஒரு கையை முழுதாக வெளியே எடுத்துவிட்டு, மற்றப் பக்கத்தைக் கம்பளியால் போர்த்துங்கள். பட்டியின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு 2 அல்லது 3 சென்ரிமீற்றர் மேலே. பருத்த புயத்துக்குச் சின்னப் பட்டி போட்டால் எண் பொய்யாக ஏறும்.

ஒருமுறை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். ஒரு நிமிடம் விட்டு மீண்டும் பாருங்கள். முதல் நாள் இரண்டு கையிலும் பார்த்து, கூடுதலாகக் காட்டும் கையையே பிறகும் பயன்படுத்துங்கள். சரியாகப் பார்த்தும் வீட்டில் பல நாள் 135/85 அல்லது அதற்கு மேல் நின்றால், எழுதிய கொப்பியோடு கிளினிக் போக வேண்டும்.

எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு, 120/80 வந்துவிட்டது என்று மாத்திரையை நிறுத்துவது. அந்த எண்ணைக் கொண்டுவந்ததே மாத்திரைதான். 180/120 தாண்டி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணல், ஒரு பக்கக் கை கால் சோர்வு எது தெரிந்தாலும் மறுபடி அளந்துகொண்டு நிற்காமல் 1990 அம்பியூலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். எண் குறைவாக இருந்தாலும் இந்த அறிகுறிகள் தெரிந்தால் காத்திருக்கக் கூடாது. அம்பியூலன்ஸ் லயத்துக்குள் வர முடியாவிட்டால், ஆளை நடக்க விடாமல் பிரதான பாதைவரை தூக்கிக்கொண்டு போங்கள்.